பெயின்ட் ஏன் உரிகிறது? வெள்ளை கோபுரத்து ஊரில் ஒரு சுவர்ப் பாடம்

மார்கழி பிறந்தால் திருச்சியில் பெயின்ட் கடைகளுக்குத் தனிக் களை வந்துவிடும். பொங்கலுக்குள் வீட்டின் வெளிப்புறத்தை முடித்துவிட வேண்டும் என்று உறையூரிலும் தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஸ்கூட்டரின் முன்னால் 20 லிட்டர் வாளிகள் பயணம் போகும். தை மாதம் முழுக்க வீடு புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு பார்த்தால் கதை வேறு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சுவரில் கொப்புளம். விரலால் தொட்டால் பெயின்ட் அப்பளம் போலப் பெயர்ந்து வருகிறது. பின்னால் வெள்ளையாக உப்பு.

உடனே வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பிக்கும். "கம்பெனி சரியில்லை" என்பார் ஒருவர். "பெயின்டர் தண்ணி கலந்துட்டாரு" என்பார் இன்னொருவர். பழைய வீடாக இருந்தால் மூன்றாவது தீர்ப்பு ஒன்றும் வரும்: "சுவரே போச்சு, இடிச்சுக் கட்டிடலாம்."

கம்பெனியோ பெயின்டரோ தவறு செய்திருக்கலாம்தான். ஆனால், அடியிலிருந்து உப்புப் பூத்து உரிகிற சுவரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. அது எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியே போகப் பார்க்கிறது என்று தெரியாமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் பணம் உதிரத்தான் செய்யும்.

இரண்டு ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். பக்கத்திலேயே திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரிய தலம் அதுதான். ஜம்புகேஸ்வரர் கருவறையில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுவதைப் பக்தர்கள் இன்றும் பார்க்கிறார்கள். அதே மண்ணில்தான் சுற்றுவட்டார வீடுகளின் அஸ்திவாரமும் இறங்கியிருக்கிறது.

செங்கல் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அது மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். நம் வீடுகளில் 'ஓதம் காக்குது' என்று சொல்வது இதைத்தான். இப்போது கட்டும் வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே, கட்டுமானக்காரர்கள் டி.பி.சி. என்று சொல்லும் ஈரத்தடுப்பு அடுக்கு போடுகிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது.

ஏறும் தண்ணீர் தனியாக ஏறுவதில்லை. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மேலே கெட்டியான பெயின்ட் படலம் இருந்தால், அதன் பின்னால் உப்புப் படிகம் வளர்ந்து படலத்தை வெளியே தள்ளும். கொப்புளத்துக்கும் உரிதலுக்கும் காரணம் இதுதான். உப்பு பூத்த இடத்தைச் சுரண்டி, அதன் மேலேயே மறுபடி அடித்தால், அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி உரியும்.

இன்னொரு வில்லன் தெருவில் இருக்கிறது. பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டு வாசலைவிடச் சாலை உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை வேலை நடக்கும்போது இதைக் கவனிப்பதும் வீட்டுப் பராமரிப்பில் ஒரு பகுதிதான்.

ஒரு பிளாஸ்டிக் தாள் சோதனை

சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி வெயில் படாத இடத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரோடு ஒட்ட வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுப் பிரித்துப் பாருங்கள்.

தாளின் உட்பக்கம் நீர் முத்துகள் இருந்தாலோ, சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் சுவருக்குள் இருக்கிறது. பெயின்ட் வேலையைத் தள்ளிப்போட வேண்டும் என்று அர்த்தம்.

இரண்டாவது சோதனை இன்னும் சுலபம். கறுப்புத் துணியால் பழைய சுவரை அழுத்தித் துடையுங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் பழைய பூச்சு பிடிமானம் இழந்துவிட்டது. அதன் மேல் நேரடியாக அடிக்கும் எதுவும் அந்த மாவின் மேல்தான் ஒட்டும். மாவு உதிரும்போது பெயின்டும் சேர்ந்து உதிரும்.

தாத்தா காலத்துச் சுவர் மூச்சு விட்டது

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும், திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளிலும் திண்ணை வைத்த பழைய வீடுகள் இன்னமும் நிற்கின்றன. இவற்றில் பல செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. அந்தச் சுவரும் ஈரத்தை இழுத்தது. ஆனால், மேலே இருந்தது சுண்ணாம்பு வெள்ளை. அதற்குள் நுண்துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அதன் வழியாகவே ஆவியாகிப் போனது. ஆண்டுக்கு ஒருமுறை லேசாக உதிர்ந்தாலும், பொங்கலுக்கு மறுபடி வெள்ளையடித்தால் சரியாகிவிடும். அந்தக் காலத்தில் வெள்ளையடிப்புதான் சுவருக்கு வருடாந்தர மருத்துவம்.

சுண்ணாம்பின் கதையே சுவாரஸ்யமானது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்ததும், காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே இறுகும். சுவர் மேல் மெல்லிய கல் போர்வை போர்த்தியது போல!

திருச்சிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் சிமென்ட் ஆலைகள் வந்ததற்குக் காரணமே அங்குள்ள சுண்ணாம்புக்கல்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, டைனோசர்கள் வாழ்ந்த கிரிடேசியஸ் காலத்தில், அந்தப் பகுதியில் கடல் இருந்தது. கடல் உயிர்களின் புதைபடிவங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன.

பிரச்னை தொடங்குவது, பழைய சுண்ணாம்புச் சுவரை 'ஸ்ட்ராங்' ஆக்குகிறோம் என்று மேலே சிமென்ட் பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் படலம் போன்ற பெயின்ட்டை அடிக்கும்போதுதான். ஈரம் வெளியேறும் கதவு சாத்தப்படுகிறது. அது இன்னும் மேலே ஏறி வழி தேடும், அல்லது வீட்டுக்குள் பக்கம் திரும்பும். சிமென்ட் பூச்சு வெளியே திடமாக நிற்க, உள்ளே செங்கல் மாவாகும். 'சுவரே போச்சு' என்று இடிக்க முடிவெடுக்கும் முன், சிமென்ட் பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்பினால் சுவர் பிழைக்குமா என்று, பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. தாத்தா கட்டிய வீடு ஒரு பூச்சு வேலையில் தப்பிக்கக்கூடும்.

கோயில் காட்டிய வழி

பெரிய உதாரணம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. 156 ஏக்கரில் 21 கோபுரங்களோடு நிற்கும் ரங்கநாதர் கோயிலில் 2015-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அதையொட்டி நடந்த திருப்பணிக்கு, 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பாரம்பரிய முறைகளில் நடந்த அந்தத் திருப்பணியில், கோயிலின் பழைய மழைநீர் வடிகால் வழிகளை மீட்டதும் முக்கியமான வேலை. நூற்றாண்டுகளைக் கண்ட கட்டடத்துக்கே தண்ணீர் போக வழி செய்வது அவசியம் என்றால், நம் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா?

கோபுரங்களில் உள்ள பொம்மைகளைச் 'சுதைச் சிற்பம்' என்கிறோம். சுதை என்றாலே சுண்ணாம்புதான். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்யும் வழக்கத்தைப் பராமரிப்பு அட்டவணையாகவும் பார்க்கலாம். விரிசல் பார்ப்பது, செடி முளைத்திருந்தால் பிடுங்குவது, பூச்சைச் சரிசெய்வது, கடைசியாக வண்ணம் தீட்டுவது என்று ஒரு வரிசை இருக்கிறது. வண்ணம் எப்போதும் கடைசிதான்.

மற்ற கோபுரங்கள் பல வண்ணத்தில் மின்ன, கிழக்கே ஒரு கோபுரம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. 14-ம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது, படைத்தலைவனைத் தந்திரமாக அதன் உச்சிக்கு அழைத்துச்சென்று தள்ளிவிட்டுத் தானும் குதித்து உயிர்விட்ட வெள்ளாயி என்ற பெண்ணின் நினைவாக அந்த வெள்ளை என்று ஸ்ரீரங்கத்தில் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு நிறம் ஊரின் நினைவாக நிற்க வேண்டுமென்றாலும், யாராவது மறுபடி மறுபடி சாரம் கட்டி ஏறி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்தச் சுவருக்கு எது?

சுண்ணாம்பு வெள்ளை: பழைய சுண்ணாம்புச் சுவருக்கு முதல் தேர்வு. பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் உதிரும். நிறம் வேண்டுமானால் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். கோயில் மதில்களில் பார்க்கும் காவி வெள்ளைப் பட்டைகள் இதற்கு நல்ல சாட்சி.

சிமென்ட் பெயின்ட்: தண்ணீரில் கலக்கும் பொடி. பலரும் 'ஸ்னோசெம்' என்ற பிராண்டு பெயராலேயே அழைப்பார்கள். சிமென்ட் பூச்சுள்ள சுவருக்குச் சிக்கனமானது. சிமென்ட் என்பதால், அடித்த பிறகு தண்ணீர் தெளித்து இறுக வைக்க வேண்டும். பழைய எமல்ஷன் மேலே இது நிற்காது.

எக்ஸ்டீரியர் எமல்ஷன்: சிமென்ட் பூச்சுள்ள, நன்கு காய்ந்த சுவருக்கு ஏற்றது. மழையையும் வெயிலையும் தாங்கும். நிறத் தேர்வும் அதிகம். ஆனால், அடியிலிருந்து ஓதம் ஏறும் சுவரில் இதுதான் முதலில் கொப்புளிக்கும். புதிதாகப் பூசிய சுவராக இருந்தால் குறைந்தது 28 நாட்களாவது காய விடுங்கள். புதுச் சிமென்டின் காரம் பெயின்ட்டைக் கெடுத்துவிடும்.

வெளிநாடுகளில் பழைய கட்டடங்களுக்குச் சிலிகேட் பெயின்ட் அடிப்பார்கள். ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் 1878-ல் காப்புரிமை பெற்ற முறை அது. சுவரோடு கல்லாகப் பிணைந்து, ஈரத்தையும் வெளியே விடும். விஞ்ஞானம் சுற்றிச்சுற்றி நம் சுண்ணாம்பின் குணத்துக்கே வந்திருக்கிறது.

பொங்கலுக்கு அடிக்கலாமா?

இங்கேதான் பழைய வழக்கமும் புதிய பொருளும் மோதுகின்றன. திருச்சிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதன் பின் பனி. மழை குடித்த சுவர் பொங்கலுக்குள் முழுசாகக் காய்ந்திருக்காது.

சுண்ணாம்புக்கு அது நல்ல காலம். வெயில் கடுமையாக இருந்தால் சுண்ணாம்பு இறுகுவதற்குள் உலர்ந்து மாவாகிவிடும், இதமான பருவமும் லேசான ஈரமும் அதற்கு உதவும். தாத்தா பாட்டி பொங்கலுக்கு வெள்ளையடித்தது பொருளுக்கும் பொருத்தமாகவே இருந்தது. எமல்ஷனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்குச் சுவர் உலர்ந்திருக்க வேண்டும். எமல்ஷன் அடிப்பதென்றால் மாசி, பங்குனி வரை காத்திருப்பது நல்லது. பண்டிகைக்கு வாசல் பளிச்சென்று வேண்டுமானால், நிலைக்கதவையும் ஜன்னலையும் மட்டும் முதலில் முடித்துக்கொள்ளலாம்.

சித்திரை, வைகாசி உச்சி வெயிலிலும் அடிக்க வேண்டாம். கொதிக்கும் சுவரில் பெயின்ட் சமமாகப் பரவுவதற்குள் காய்ந்துவிடும். காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போவது அனுபவமுள்ள பெயின்டர்களின் வழக்கம்.

வேலை மேலிருந்து தொடங்கட்டும்

1. முதலில் மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதியில் விரிசல் இருக்கிறதா, மழைநீர்க் குழாய் சுவரிலேயே கசிகிறதா, சன்ஷேடு மேல் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். குழாயின் வாய் சுவரை விட்டுத் தள்ளி விழட்டும்.

2. சுவரோரம் மண்ணோ குப்பையோ குவிந்திருந்தால் அகற்றுங்கள். சுவரை ஒட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

3. உப்பு பூத்த இடத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்.

4. பாசி பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுக் கழுவிக் காய விடுங்கள். அதோடு ஆசிட்டையோ பாத்ரூம் கிளீனரையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

5. விரிசலைக் கீறி அகலப்படுத்தி அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். இரண்டு கோட் அவசியம்.

எத்தனை லிட்டர் வாங்குவது? 30 அடிக்கு 40 அடி வீடு என்றால் சுற்றளவு 140 அடி. உயரம் 11 அடி என்றால் 1,540 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 140 கழித்தால் 1,400. எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி பிடிக்கும். ஆக 23 முதல் 28 லிட்டர். சொரசொரப்பான சுவர் இன்னும் அதிகம் குடிக்கும். வாளியில் அச்சிட்டிருக்கும் அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது திருச்சி வெயிலை நினைவில் வையுங்கள். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அடர் நிறம் உள்ளே இழுக்கும். மேற்குச் சுவரில் அடர் சிவப்பும் நீலமும் அடித்தால், நிறமும் சீக்கிரம் வெளுக்கும், அறையும் ராத்திரி வரை கொதிக்கும்.

சாரத்தில் நிற்பவரும் ஒரு வீட்டுக்காரர்தான்

சுவரைப் பற்றி இவ்வளவு பேசும்போது, அதன் மேல் தொங்கி வேலை செய்பவரை மறக்கக் கூடாது. ஒற்றை ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடிக்கச் சொல்லாதீர்கள். மாடி வீட்டுக்குச் சாரம் கட்டும் செலவைப் பேரத்தில் குறைக்காதீர்கள். இடுப்பு பெல்ட்டும் ஹெல்மெட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டருகே மின்கம்பி போனால், மின்வாரியத்திடம் சொல்லிவிட்டே சாரம் எழட்டும். பெயின்டர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்யாதவராக இருந்தால் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள். அவர் குடும்பத்துக்கு அது பாதுகாப்பு.

சுண்ணாம்பு நீறும்போது குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கேட், கிரில், ஜன்னல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈரப்படுத்தித் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளி, பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கலர் கார்டைப் பிரிப்பதற்கு முன், வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுவர் சுண்ணாம்பா, சிமென்ட்டா? இப்போது காய்ந்திருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு, எந்த நிறம் என்பதை வீட்டில் சண்டை போட்டுத் தாராளமாக முடிவு செய்துகொள்ளலாம்.